முஸ்தபா போர்டுக்கு ஒரு அக்ரிலிக் பெட்டி: சேலத்தில் செய்து ஏற்காட்டில் நரைத்த மூடியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

1990-களில் சேலத்தில் வளர்ந்தவர்களுக்கு வீடியோ கேம் கடை என்றால் திரைச்சீலை தொங்கும் வாசல், இருட்டறை, நான்கைந்து மரப் பெட்டிகள், கையில் ஒரு ரூபாய்க் காசு. கேப்காம் நிறுவனம் 1993-இல் வெளியிட்ட 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்' விளையாட்டை அந்தப் பெயர் சொல்லி யாரும் கேட்டதில்லை. அதில் வரும் நான்கு பேரில் ஒருவன் முஸ்தபா. விளையாட்டுக்கே அதுதான் பெயர். 'முஸ்தபா இருக்குதாங்கண்ணா?' என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழைவோம்.

இந்த ஆய்வில் வரும் பெரியவர் அப்படி ஒரு கடையைப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பல ஆண்டுகள் நடத்தியவர். கடையை மூடியபோது மரப் பெட்டிகளையும் பிக்சர் ட்யூப்களையும் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டுவிட்டார். விளையாட்டு பதிந்த மின்சுற்றுப் பலகைகளான போர்டுகளை மட்டும் செய்தித்தாளில் சுற்றிப் பரண்மேல் வைத்தார். இப்போது மகள் குடும்பத்தோடு ஏற்காட்டில் இருக்கிறார். வீட்டின் ஒரு பகுதியைச் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அந்தக் கூடத்தில் முஸ்தபா மறுபடி ஓட வேண்டும், ஓடுகிற போர்டு எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்பது அவர் ஆசை. தெரிய வேண்டும் என்பதால்தான் மரப் பெட்டி வேண்டாம், அக்ரிலிக் வேண்டும் என்றார்.

நான் சேலத்தில் எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்ப்பவன். அக்ரிலிக் வேலைக்குச் செவ்வாய்ப்பேட்டையில் லேசர் கட்டிங் மெஷின் வைத்திருக்கும் நண்பரைச் சேர்த்துக்கொண்டேன். கடைகளுக்குப் பெயர்ப் பலகை செய்பவர். அவரவர் தொழில் எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒருவர் தொழிலின் அன்றாடப் பழக்கம் அடுத்தவர் பொருளுக்கு எப்படிக் கேடு செய்யும் என்பது இருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. நடந்ததெல்லாம் அதனால்தான்.

போர்டுகள் வந்த நிலை

பிப்ரவரியில் மூன்று போர்டுகள் வந்தன. முஸ்தபா ஒன்று. 1990-இல் எஸ்.என்.கே. நிறுவனம் வெளியிட்ட நியோ ஜியோ எம்.வி.எஸ். வகையில் ஒற்றைக் கேசட் போர்டு ஒன்று. மூன்றடுக்குக் கேப்காம் போர்டில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஒன்று.

நியோ ஜியோ போர்டில் இருந்த நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்து, பக்கத்துத் தடங்கள் பச்சை பூத்திருந்தன. இந்தக் கசிவு காரத் தன்மை கொண்டது. செம்புத் தடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். பேட்டரியைக் கழற்றி, வெள்ளை வினிகர் தொட்டுத் தேய்த்து, தண்ணீரில் அலசிக் காய வைத்தோம். இந்தப் போர்டில் பேட்டரி கணக்குப் பதிவையும் கடிகாரத்தையும்தான் காக்கிறது. அது இல்லாமலும் விளையாட்டு ஓடும். எந்தப் போர்டையும் பீப்பாய் வடிவப் பேட்டரியோடு பெட்டிக்குள் பூட்டுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தோம். பெட்டிக்குள் போன பேட்டரியை அப்புறம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

முஸ்தபா போர்டு அசல் இல்லை, காப்பி. அசல் போர்டில் கியூசவுண்ட் ஒலிப் பகுதி இருக்கும்; அதன் பிராசசருக்கான ரகசியக் குறியீட்டை ஒரு பேட்டரி காத்துக்கொண்டிருக்கும்; பேட்டரி செத்தால் குறியீடும் போய்விடும். இதில் இரண்டும் இல்லை. அந்த இடத்தில் ஒரு பிக் 16சி57 சிப்பும் ஓகேஐ எம்6295 ஒலிச் சிப்பும் இருந்தன. எங்கள் ஊர்க் கடைகளில் ஓடியவற்றில் நிறைய இந்த வகைதான். பெட்டி செய்பவர் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். அசல் போர்டுக்கு யாரோ வரைந்த அளவுப்படம் கிடைத்தால் ஓரளவு நம்பலாம். காப்பி போர்டுகளில் ஒவ்வொரு பட்டறைக்காரரும் ஓட்டையை ஓர் இடத்தில் போட்டிருப்பார். கையில் இருக்கும் போர்டை அளப்பது ஒன்றே வழி.

மூன்று போர்டுகளிலும், நிரலைத் தாங்கும் ஈப்ரோம் சிப்புகள் இருந்தன. இவற்றின் முதுகில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதன் வழியே புற ஊதா ஒளி பட்டால் உள்ளே எழுதியது அழியும். முறையாக அழிக்க 253.7 நானோமீட்டர் அலைநீள விளக்கைப் பயன்படுத்துவார்கள். நேரடி வெயிலில் ஏறக்குறைய ஒரு வாரத்திலும், ட்யூப் லைட் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்று ஆண்டிலும் அழியக்கூடும் என்பது தயாரிப்பாளர்களின் தரவுத்தாள்களிலேயே உள்ள கணக்கு. முஸ்தபா போர்டில் பாதி ஜன்னல்களின் ஸ்டிக்கர் உதிர்ந்து, உள்ளே சிலிக்கான் துண்டு சதுரமாக மின்னியது. இத்தனை நாள் இருட்டுப் பரண் காப்பாற்றியிருக்கிறது. இனி அது ஜன்னலோரக் கூடத்தில், கண்ணாடி போன்ற பெட்டிக்குள் இருக்கப்போகிறது. எல்லாச் சிப்பையும் கழற்றிப் படித்துக் கணினியில் நகல் எடுத்துக்கொண்டு, ஜன்னல்கள்மேல் அலுமினிய ஸ்டிக்கர் ஒட்டினேன். இந்த நிகழ்வில் முதலிலேயே சரியாகச் செய்த வேலை இது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

முதல் பெட்டி: எடுத்த முடிவுகளும் காரணமும்

பெரியவர் வைத்த நிபந்தனைகள் இரண்டு. தூசி போகக் கூடாது. தங்க வருபவர்களின் குழந்தைகள் விரல் விடக் கூடாது. இரண்டும் நியாயமானவை என்பதால் ஆறு பக்கமும் மூடிய பெட்டி என்று தீர்மானித்தோம். மின்சாரமும் திரை, பொத்தான் ஒயர்களும் வந்து சேரும் கனெக்டர் நுழைய ஒரே ஒரு வாய்.

அடிப்பக்கத்துக்கு சன்போர்டு போட்டால் செலவு குறையுமே என்று கேட்டேன். லேசர்க்காரர் மறுத்துவிட்டார். சன்போர்டு பி.வி.சி.; லேசரில் வெட்டினால் ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பும், நெஞ்சுக்கும் ஆகாது, மெஷின் லென்சுக்கும் ஆகாது. அவர் தொழிலில் அவர் கறார். எல்லாப் பக்கமும் 3 மி.மீ. அக்ரிலிக் என்று முடிவானது. கடையில் அன்று இருந்தது எக்ஸ்ட்ரூடட் ஷீட், அதாவது உருக்கிப் பிதுக்கித் தட்டையாக்கியது. அச்சில் வார்த்த காஸ்ட் ஷீட்டை விட விலை குறைவு, கனமும் ஒரே சீராக இருக்கும். பெயர்ப் பலகைக்கு அது போதும் என்பதால் பெட்டிக்கும் போதும் என்று நினைத்துக்கொண்டோம்.

வெர்னியர் அளவுகோலால் போர்டை அளந்தேன்: 372-க்கு 248 மி.மீ.; இரண்டடுக்கும் சேர்த்து உயரம் 46 மி.மீ.; நீளவாக்கில் ஓட்டைக்கு ஓட்டை 350 மி.மீ. லேசர்க்காரர் கணினியில் கோரல் டிராவில் வரைந்தார். மூலைகளில் 3 மி.மீ. ஸ்குரூ மூடியில் இறங்கி, போர்டின் வழியே போய், அடித்தகட்டில் முடியும். நடுவில் இடைவெளி காக்கப் பித்தளை ஸ்பேசர். ஸ்குரூ ஓட்டை 3.2 மி.மீ. ஆட்டம் இல்லாமல் கச்சிதமாக உட்கார வேண்டும் என்பது அவர் தொழிலின் பெருமை. பக்கத் தகடுகளைக் குளோரோஃபார்ம் விட்டு ஒட்டினார். ஒட்டிய இடம் கண்ணுக்கே தெரியவில்லை.

மாசி மாத மதியம் பெட்டியைப் பூட்டினோம். மூடியின் பாதுகாப்புக் காகிதத்தைப் போர்டுக்கு நேர் மேலே பிடித்து உரித்தார். முன்கையில் முடி எழுந்து நின்றது. அவருக்கு அது தினமும் நடப்பது. எனக்கு அடிவயிறு கலங்கியது. அக்ரிலிக் நிலைமின்னை எளிதில் பிடிக்கும், வறண்ட காற்றில் அது போக வழியில்லை, சிப்பில் பாய்ந்தால் சிப்பு செத்துவிடும். போர்டு அன்று கெடவில்லை. அது எங்கள் திறமையால் அல்ல.

கொடுப்பதற்கு முன் நான் செய்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். கனெக்டர் பட்டைகளை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தேன். எந்தப் போர்டுக்கும் அதுதான் முதல் வேலை. அதே துணியால் மூடியில் ஸ்குரூவைச் சுற்றிப் படிந்திருந்த விரல் ரேகைகளையும் துடைத்தேன். பளிச்சென்று இருந்தது. பாதி பாட்டிலைப் பெரியவரிடமே கொடுத்து, 'வாரம் ஒரு தடவை இதால தொடைச்சிக்குங்க ஐயா' என்றும் சொன்னேன்.

மலைமேல் ஆறு வாரம்

இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் பெட்டி போய்ச் சேர்ந்தது. முதல் இரண்டு வாரம் குறை இல்லை. அந்தக் காலத்தில் தன் கடையில் காசு போட்டு ஆடியவர் ஒருவர் குடும்பத்தோடு தங்க வந்தபோது பெட்டியின் முன்னால் நெடுநேரம் நின்றார் என்று பெரியவர் போனில் சொன்னார்.

மூன்றாம் வாரம் ஆட்டத்தின் நடுவே திரை உறைந்தது. கனெக்டரைக் கழற்றி மாட்டினால் சரியாகும். நான்காம் வாரம் தினமும் அப்படி. அந்த வாரம் கோடை மழை தொடங்கியிருந்தது. காலையில் மூடியின் உட்புறம் முழுக்க ஆவி படிந்திருப்பதாகவும், வெயில் ஏறினால்தான் மறைவதாகவும் சொன்னார். ஆறாம் வாரம் வந்த அழைப்பில் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, கண்ணாடி நரைச்சுப் போச்சுங்க."

பிரித்துப் பார்த்தது

ஏப்ரல் கடைசியில் நானும் லேசர்க்காரரும் மேலே போனோம்.

நரை என்று அவர் சொன்னதை விடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. நான்கு ஸ்குரூவைச் சுற்றியும் மயிரிழை போன்ற வெள்ளைக் கோடுகள், ஓட்டையிலிருந்து வெளிப்பக்கமாக விரிந்திருந்தன. தலையைச் சாய்த்து வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் வெள்ளி போல மின்னின. நேரே பார்த்தால் பாதி காணாமல் போயின. நகத்தால் தடவினால் மேற்பரப்பில் தட்டுப்படவில்லை, எல்லாம் உள்ளே இருந்தன. கனெக்டர் வாயின் இரு மூலைகளிலும் அப்படியே. ஒரு மூலையில் கோடு முற்றி, 4 செ.மீ. நீள விரிசலாக ஓடியிருந்தது. லேசர் வெட்டிய ஓரங்களிலெல்லாம் நரை இருந்தது. தகட்டின் நடுப்பகுதியில் எங்கும் இல்லை.

மூடியைக் கழற்றியதும் அடைபட்ட ஈர வாடை வந்தது. போர்டின் கீழ்ப்பக்கம், ஒரு பித்தளை ஸ்பேசரின் விளிம்பு பக்கத்துத் தடத்தின் பச்சைப் பூச்சைச் சுரண்டி, செம்பு தெரிந்தது. இன்னும் கால் மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால் ஷார்ட் ஆகியிருக்கும்.

திரை உறைவதற்குக் காரணம் கனெக்டர் பக்கம் கிடைத்தது. 1985-இல் ஜப்பானியத் தயாரிப்பாளர் சங்கம் வகுத்த ஜாமா முறைப்படி, போர்டின் விளிம்பில் பக்கத்துக்கு 28 வீதம் 56 பட்டைகள் உண்டு, ஒன்றுக்கொன்று 3.96 மி.மீ. இடைவெளி. அத்தனை ஸ்பிரிங்கும் ஒன்றாகக் கவ்வும். செருகவும் பிடுங்கவும் கை பலம் வேண்டும். எங்கள் பெட்டியில் வாய் கனெக்டரின் உடல் அளவுக்கே வெட்டியிருந்தது. அதன் இரு ஓரத்திலும் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகள் அக்ரிலிக்கில் இடித்ததால் கனெக்டர் முழுதாக உள்ளே போகவே இல்லை. பெரியவர் ஒவ்வொரு முறையும் ஆட்டி ஆட்டி அழுத்தியிருக்கிறார். போர்டின் அந்த விளிம்புக்கு அடியில் தாங்குவதற்கு ஒன்றும் இல்லை. நான்கு மூலைகளில் மட்டுமே பிடிமானம். அழுத்தும்போது போர்டு வில்லாக வளைந்தது. மீட்டரில் சப்ளையில் 5.05 வோல்ட் இருக்க, போர்டின் மேல் 4.71 மட்டுமே வந்தது. கனெக்டரை முழுதாக ஏற்றியதும் 4.98 காட்டியது.

கனெக்டர் சரியாக ஏறாததால் உறைதல், காற்றுப் போக்கு இல்லாததால் ஈரம்: இரண்டும் புரிந்துவிட்டன. நரைக்கு மட்டும் விடை இல்லை. மட்டமான ஷீட் என்று நான் லேசர்க்காரரைப் பார்த்தேன். ஸ்குரூவை இறுக்கிவிட்டாய் என்று அவர் என்னைப் பார்த்தார். இருவரும் குரல் உயர்த்தினோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பெரியவரின் மகள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்களுக்கிடையே இருந்த அந்தப் பாட்டிலை எடுத்துக் காட்டினார். "அப்பா இதிலதாண்ணா மூடி பூராவும் தொடைப்பாரு, வாரா வாரம்" என்றார். பாட்டில் காலி.

துண்டுகளில் சோதனை

சேலம் திரும்பியதும் அதே ஷீட்டின் மிச்சத்திலிருந்து விரல் நீளத் துண்டுகள் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு ஓட்டை போட்டோம். சிலவற்றைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தோம், சிலவற்றை ஐசோப்ரொப்பைலால். சிலவற்றில் ஸ்குரூ இறுக்கினோம், சிலவற்றில் இல்லை. காஸ்ட் ஷீட்டிலும் இதே வரிசை.

சோப்புத் தண்ணீர் பட்ட எதுவும் நரைக்கவில்லை. எக்ஸ்ட்ரூடட் துண்டில் ஐசோப்ரொப்பைல் தொட்ட சில நிமிடத்திலேயே, லேசர் ஓரத்தில் முதல் கோடு கண் முன்னால் ஓடியது. ஸ்குரூ இறுக்கியிருந்ததில் இன்னும் வேகமாக. காஸ்ட் துண்டில் மெதுவாக, குறைவாக, ஆனால் வந்தது.

காரணம் இப்படி. லேசர் வெட்டும்போது ஓரம் உருகி உடனே ஆறுகிறது. ஓரத்தை ஒட்டிய பகுதி இழுவிசையோடு உறைந்துபோகிறது. அந்த இழுவிசை தன்னளவில் ஒன்றும் செய்யாது. ஆல்கஹால் அங்கே ஊறினால் நுண்ணிய விரிசல்கள் திறக்கின்றன. தகட்டின் நடுவில் இழுவிசை இல்லாததால் அங்கே நரை இல்லை. எங்கள் பெட்டியில் இதற்கு மேலும் ஒரு இழுவிசை சேர்ந்திருந்தது. அக்ரிலிக் ஒரு பாகை வெப்பத்துக்கு மீட்டருக்குச் சுமார் 0.07 மி.மீ. விரிந்து சுருங்கும், கண்ணாடி இழைப் போர்டு அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். சேலத்தில் 35 பாகையில் பூட்டிய பெட்டி ஏற்காட்டு இரவில் 17 பாகைக்குப் போனால், 350 மி.மீ. இடைவெளியில் அக்ரிலிக் 0.44 மி.மீ. சுருங்கும், போர்டு 0.1 மி.மீ. கூடச் சுருங்காது. ஸ்குரூவுக்கு நாங்கள் விட்ட இடம் பக்கத்துக்கு 0.1 மி.மீ. ஒவ்வொரு இரவும் நான்கு ஸ்குரூவும் ஓட்டையின் சுவரை இழுத்துக்கொண்டிருந்தன. அவருடைய கச்சிதமும் என்னுடைய சுத்தமும் ஒரே இடத்தில் கூடின.

வழி கிடைத்ததும் அக்ரிலிக் தொழிலிலிருந்துதான். வெட்டிய துண்டுகளை 80 பாகையில் சில மணி நேரம் வைத்து, மிக மெல்ல ஆறவிட்டால் இழுவிசை தளர்ந்துவிடும். 80 பாகையில் நிலையாக நிற்கும் அடுப்புக்கு எங்கே போவது? மோட்டார் காயில் கட்டும் கடையில் வார்னிஷ் உலர்த்தும் ஓவன் இருக்கிறது. சூரமங்கலத்தில் எனக்குத் தெரிந்த ஒரு கடையில் ஞாயிற்றுக்கிழமை ஓவனைக் காலியாகக் கொடுத்தார்கள். பாதுகாப்புக் காகிதத்தை உரித்து, சமமான தட்டில் துண்டுகளைப் படுக்க வைத்து, நான்கு மணி நேரம். பிறகு ஓவனை அணைத்துக் கதவைத் திறக்காமல் இரவு முழுக்க. அக்ரிலிக் 100 பாகையை ஒட்டி இளகத் தொடங்கும் என்பதால் ஓவனின் முள்ளை நம்பாமல் தனியாக ஒரு தெர்மோமீட்டரும் உள்ளே வைத்தோம். மறுநாள் அந்தத் துண்டுகளில் ஐசோப்ரொப்பைல் ஊற்றியே பார்த்தோம். காஸ்ட் துண்டு ஒன்றிலும் கோடு விழவில்லை.

வெப்பத்தையும் அதே வாரம் அளந்தோம். போர்டு 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் இழுத்தது, அதாவது 15 வாட். அறை 37 பாகை இருந்த மதியம், மூடிய பழைய பெட்டிக்குள் ஒரு மணி நேரத்தில் 51. இந்தக் காலத்துச் சாதாரணச் சிப்புகள் சுற்றுப்புறம் 70 பாகை வரை தாங்குபவை. ஆபத்து இல்லை என்றாலும், பல ஆண்டுகள் ஓட வேண்டிய போர்டுக்கு இது வேண்டாத சூடு.

இரண்டாம் பெட்டி

இம்முறை வெர்னியரோடு நிறுத்தவில்லை. சார்ட் அட்டைமேல் போர்டை வைத்து விளிம்பை வரைந்து, ஓட்டைகளில் ஊசி குத்திக் குறித்தோம். அதை வைத்து வரைந்த படத்தை முதலில் வெறும் அட்டையில் வெட்டிப் போர்டோடு ஒட்டிப் பார்த்தோம். ஒரு ஓட்டை 1.5 மி.மீ. தள்ளி இருந்தது தெரிந்தது. முதல் பெட்டியில் அந்த ஸ்குரூவை நாங்கள் நெட்டித் தள்ளித்தான் இறக்கியிருந்தோம்.

மூடி 4 மி.மீ., அடித்தகடு 5 மி.மீ., இரண்டும் காஸ்ட், இரண்டும் ஓவன் கண்டவை. ஸ்குரூ ஓட்டை 4.5 மி.மீ.; மேலே அகலமான நைலான் வாஷர்; விரலால் இறுக்கி, ஸ்குரூ டிரைவரால் கால் சுற்று மட்டும். பித்தளை ஸ்பேசருக்குப் பதில் நைலான், போர்டின் இருபுறமும் ஃபைபர் வாஷர். கனெக்டர் விளிம்புக்கு அடியில் போர்டைத் தொட்டும் தொடாமலும் இரண்டு நைலான் தூண்கள். வாய் சுற்றிலும் 6 மி.மீ. அகலம் கூடியது, மூலைகளைக் கூராக விடாமல் வளைத்தோம். விரிசல் எப்போதும் கூர்மூலையில்தான் பிறக்கிறது.

ஜாமா கனெக்டரைத் தலைகீழாகச் செருகிவிடாதிருக்க ஏழாம் பட்டை இடத்தில் ஒரு பிளவு இருக்க வேண்டும். இந்தக் காப்பி போர்டில் அது இல்லை. அந்த வேலையைப் பெட்டியிடமே கொடுத்தோம்: கனெக்டரின் ஒரு காதில் சின்ன அக்ரிலிக் துண்டை ஒட்டி, வாயில் அதற்கு ஒரு பக்கம் மட்டும் பள்ளம் விட்டோம். தலைகீழாக நுழையாது. 'சிப்புப் பக்கம் மேலே' என்று லேசரிலேயே எழுதியும் விட்டோம்.

காற்றுக்குப் பெட்டியைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்தோம். கீழ்ப்பக்கத்திலும் மேல்பக்கத்திலும் 2 மி.மீ. அகலத்தில் வரிசையாகப் பிளவுகள்; உள்பக்கம் கொசுவலை. குழந்தையின் விரலும் போகாது, பல்லிக் குஞ்சும் போகாது. சூடான காற்று மேலே போக, கீழே இருந்து புதுக்காற்று ஏறும். அதே 15 வாட்டுக்கு உள்ளே இருந்த சூடு அறையை விட 8 பாகைதான் அதிகம், முன்பு 14. தூசி கொஞ்சம் போகும். அதைப் பெரியவரிடம் ஒளிக்காமல் சொன்னோம். ஈரத்தை விடத் தூசி பரவாயில்லை என்று அவரே சொன்னார்.

காகிதத்தை உரிப்பதும் துடைப்பதும் இனி வேறு அறையில். சோப்புத் தண்ணீரில் நனைத்த பருத்தித் துணியால் துடைத்து, காய்ந்த பிறகே போர்டிடம் வரும். பெரியவருக்கும் அதையே சொன்னோம். கனெக்டர் பட்டையைத் துடைக்க வேண்டும் என்றால் மூடியைக் கழற்றி அப்பால் வைத்த பிறகுதான் பாட்டிலைத் திறக்க வேண்டும். கண்ணாடி துடைக்கும் அம்மோனியாத் திரவமும் வேண்டாம் என்றோம்.

முதல் பெட்டிக்குப் பொருளும் கூலியும் ரூ.1,450 ஆனது. இரண்டாவதற்கு ரூ.2,300. முதல் பெட்டியின் பணத்தை நாங்கள் இருவரும் பாதிப் பாதி ஏற்றுக்கொண்டோம்.

அதன் பிறகு

ஜூன் இரண்டாம் வாரம் ஏற்காட்டில் பொருத்தினோம். டிசம்பர் வரை மாதம் ஒரு முறை நானோ லேசர்க்காரரோ பார்த்து வந்தோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரக்கணக்கில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே நுழைந்த நாட்களில்கூட மூடியின் உட்புறம் ஆவி படியவில்லை. மழை நாட்களில் யாரும் ஆடாவிட்டாலும் தினமும் அரை மணி நேரம் போர்டை ஓட்டி வைக்கச் சொல்லியிருந்தோம். அதைப் பெரியவர் காலைக் காபி நேரத்தில் செய்கிறார். யாரோ சொல்லி அவர் உள்ளே வைத்த சிலிக்கா ஜெல் பொட்டலம், காற்றுப் போக்குள்ள பெட்டியில் சில நாளிலேயே ஈரம் குடித்து நிரம்பிவிட்டது. எடுத்துவிட்டோம்.

நரை ஒரு கோடுகூட இல்லை. போர்டின் மேல் வோல்ட்டேஜ் டிசம்பரில் 4.99.

குறைகளும் வந்தன. அக்டோபரில் ஒலி குறைந்துபோனது என்று அழைத்தார். போர்டின் மேல் இருக்கும் வால்யூம் திருகை இலேசாகத் திருப்பினால் தீரும் வேலை. அதற்குப் பெட்டி முழுவதையும் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றியபோது ஒரு நைலான் ஸ்பேசரின் மரை வழிந்துவிட்டது. கஷ்ட நிலையை மாற்றும் டிப் சுவிட்சுகளும் அதேபோல மூடிக்குள் சிறைப்பட்டிருந்தன. குழந்தைகளுக்காக ஆட்டத்தை எளிதாக்கித் தரச் சொல்லி ஒரு குடும்பம் கேட்டும் அவரால் செய்து தர முடியவில்லை.

இனி மாற்றிச் செய்வது

நவம்பரில் நியோ ஜியோ போர்டுக்குப் பெட்டி செய்தபோதே சிலவற்றை மாற்றிவிட்டோம். வால்யூம் திருகுக்கு நேரே ஸ்குரூ டிரைவர் நுழைய 8 மி.மீ. துளை, டிப் சுவிட்சுக்கும் டெஸ்ட் பட்டனுக்கும் திறந்து மூடும் சின்னக் கதவு. கேசட்டைச் செருகும் விசை மேலிருந்து கீழே வருவதால், தாங்கும் தூண்களை அந்த இடத்துக்கு அடியிலேயே நிறுத்தினோம். வாங்கிய நைலான் ஸ்பேசர்களில் இரண்டு கூடுதலாக ஒரு பொட்டலத்தில் போட்டுப் பெட்டியின் பின்புறம் ஒட்டியிருக்கிறோம்.

வேலை தொடங்கும் முன் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, போர்டுக்கு எது ஆகாது என்று நானும் அக்ரிலிக்குக்கு எது ஆகாது என்று அவரும் ஒரே தாளில் எழுதுகிறோம். குளோரோஃபார்ம் ஒட்டு அவர் எழுதியதுதான்: அதன் ஆவி அடங்க ஒரு நாள் முழுக்க வெளியே வைக்காமல் போர்டை உள்ளே வைக்கக் கூடாது, ஒட்டின ஓரத்தையும் ஓவனில் வைத்த பிறகே பூட்ட வேண்டும் என்று. நான் கேட்டிருந்தால் மாசியிலேயே சொல்லியிருப்பார்.

மூன்றாவது, அந்த மூன்றடுக்கு ஸ்ட்ரீட் ஃபைட்டர், இன்னும் என் மேசைமேல் இருக்கிறது. அடுக்குகளுக்கு நடுவே உள்ள இணைப்பிகள்தான் அதில் எடையைத் தாங்குகின்றன. நிற்க வைத்தால் அவை பக்கவாட்டில் இழுபடுமா என்பதை அட்டைப் பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மூன்று வாரம் ஆகிறது, இதுவரை அசையவில்லை. தை கழித்து வெட்டலாம் என்கிறார் லேசர்க்காரர். சித்திரைக்குள் மேலே வந்துவிட வேண்டும், கோடை விழாவுக்குக் கூட்டம் வரும் என்று பெரியவர் வாரம் ஒரு முறை கூப்பிட்டு நினைவூட்டுகிறார்.